சட்டம் சரி என்கிறது, மனசு இடிக்கிறது: ஒரு வேலையை எடைபோடுவது எப்படி?

சுங்கை பட்டாணியிலிருந்து தெற்கே பினாங்குப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் மூடா ஆற்றுப் பாலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். ஆற்றுக்கு இந்தப் பக்கம் மலேசியாவின் கெடா மாநிலம், அந்தப் பக்கம் பினாங்கு மாநிலம். 2021 நவம்பரில் கெடா மாநில அரசு, நான்கு இலக்க எண்ணில் பந்தயம் கட்டும் "நாலு நம்பர்" கடைகளின் வியாபார உரிமத்தை இனிப் புதுப்பிப்பதில்லை என்று அறிவித்தது. நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. பினாங்கில் அப்படி ஒரு தடை வரவில்லை. கிளந்தானில் இந்தக் கடைகள் மூடப்பட்டு வெகுகாலம் ஆகிவிட்டது.

அதன்பிறகு பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டக் குடும்பங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த பெண்ணுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் நம்பர் கடைக் கவுண்டரில் வேலை கிடைக்கிறது. "இங்கே கூடாதாம், அங்கே கூடுமாம், அப்போ இது தப்பா இல்லையாம்மா?" என்று அவள் கேட்டால் அம்மாவிடம் பதில் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் உரிமம் பெற்ற கடன் நிறுவனத்தில் குமாஸ்தா. அவன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போகிறான், அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை.

இந்த இரண்டு வேலைகளில் எது மனசாட்சிக்கு நெருடலானது? பெயரைக் கேட்டவுடன் வரும் பதிலும் உள்ளே நடப்பதைப் பார்த்தபின் வரும் பதிலும் ஒன்றாக இருக்காது என்பது என் முடிவு. எப்படி அந்த முடிவுக்கு வரலாம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கலந்துபோகும் நான்கு விஷயங்கள்

"அது தப்பான வேலை" என்று நாம் சொல்லும்போது நான்கு வேறு வேறு பொருள்களில் சொல்கிறோம். முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

1. சட்டவிரோதம். அரசு தடுத்திருக்கிறது, செய்தால் தண்டனை. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்குக்கு வசூல் செய்வது இந்த வகை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை, இந்தக் கட்டுரையும் இதைப் பற்றியதில்லை.

2. கெடுதல். சட்டம் அனுமதித்தாலும் அந்த வேலையால் இன்னொரு மனிதருக்கோ உயிருக்கோ மண்ணுக்கோ தீங்கு நேர்கிறது.

3. விரதம் அல்லது சமயக் கட்டுப்பாடு. சைவமாக இருப்பவருக்குக் கோழி அறுக்கும் தொழிற்சாலை ஒத்துவராது. தமிழ் முஸ்லிம் ஒருவருக்கு மதுக்கடை, நம்பர் கடை இரண்டுமே ஆகாது. இது அவர் தனக்கு வைத்துக்கொண்ட எல்லை. அடுத்தவரும் அதே எல்லையில் நிற்கவேண்டும் என்பதில்லை.

4. கேவலம். ஊர் என்ன சொல்லும் என்ற பயம்.

நான்காவதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் மனசாட்சியின் இடத்தில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது இதுதான். கழிவுநீர்த் தொட்டி உறிஞ்சும் லாரியில் வேலை, மருத்துவமனைப் பிணவறையில் உதவியாளர் வேலை, பன்றிப் பண்ணை வேலை என்று சொன்னால் பெண் கொடுக்கத் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வேலைகள் யாரை ஏமாற்றுகின்றன? கழிவுத் தொட்டி நிறைந்து வழிந்தால் முதலில் நோய் வருவது தாமான் (குடியிருப்புப் பகுதி) குழந்தைகளுக்கு. வாளிக் கக்கூஸ் இருந்த காலத்தில் தோட்டத்தில் அந்த வேலையை யாருக்கு ஒதுக்கினார்கள், அவர்கள் வீடு லயத்தின் (தொழிலாளர் வீட்டு வரிசையின்) எந்தக் கோடியில் இருந்தது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அங்கே ஒழுக்கம் பேசவில்லை, சாதி பேசியது. அந்தப் பழைய கூச்சத்தை "என் மனசாட்சி ஒப்பவில்லை" என்று பெயர் மாற்றி வைத்துக்கொள்ளக் கூடாது. கையில் அழுக்குப் படுவது வேறு, கையால் கெடுதல் நடப்பது வேறு.

சட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும்

"கவர்மெண்டே லைசென்ஸ் குடுத்திருக்கு" என்பது பலர் சொல்லும் சமாதானம். அந்தச் சமாதானம் போதாது என்பதற்குத் தோட்ட மக்களின் வரலாற்றிலேயே மூன்று உதாரணங்கள் இருக்கின்றன.

முதலாவது கங்காணி முறை. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910 வாக்கில் முடிவுக்கு வந்தபின், தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் முக்கிய வழியாகக் கங்காணி முறையே நின்றது. கங்காணி தன் ஊருக்குப் போய், கடன் கொடுத்து, ஆசை காட்டி, ஆள் கட்டிக்கொண்டு வருவார். எல்லாம் சட்டப்படிதான், உரிமத்தோடுதான். 1938இல் இந்திய அரசு இப்படி உதவித்தொகையில் ஆள் அனுப்புவதைத் தடுக்கும்வரை அது நடந்தது. அவருக்குத் தலைக்காசு என்று ஒன்று உண்டு. அவருடைய ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கும் இவ்வளவு காசு. விடியற்காலைப் பிரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) ஒருவர் காய்ச்சலோடு நின்றால் அவரை லயத்துக்குத் திருப்பி அனுப்புவது கங்காணிக்கு நட்டம், காட்டுக்குள் தள்ளுவது லாபம். அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாவது கேள்வி. அவருடைய வருமானம் எண்ணப்பட்ட விதமே அவரை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

இரண்டாவது கள்ளுக்கடை. அதுவும் உரிமம் பெற்றது. கூலி வாங்கிய கை வீடு சேருமுன் அங்கே போய்க் காலியானது. 1947இல் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். போலீசாரோடு ஏற்பட்ட மோதல் உயிர்ச்சேதம் வரை போனது. அதற்கு முன் 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்திலும் கள்ளுக்கடையை மூடு என்பது கோரிக்கைகளில் ஒன்று. குடித்தவர்களின் வீட்டாரே எழுந்து நின்று "சட்டம் அனுமதித்தாலும் எங்களுக்கு வேண்டாம்" என்று சொன்ன வரலாறு நம்முடையது.

மூன்றாவது இன்னும் பழசாகவில்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லி. செம்பனைத் தோட்டங்களில் மருந்து அடிக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்கள். முதுகில் பம்பு, கையில் தெளிகுழாய், வெயில் ஏற ஏற முகமூடியைக் கழற்றிவிடுவார்கள், ஏனென்றால் அதைப் போட்டுக்கொண்டு மூச்சுவிட முடியாது. இந்த மருந்து உள்ளே போனால் முறிமருந்து கிடையாது. 2002இல் அரசு இதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. இந்தப் பதினெட்டு ஆண்டுகளில் போத்தலுக்குள் இருந்த நஞ்சு மாறவே இல்லை. 2019 டிசம்பரில் அதைக் கலந்து கொடுத்த ஸ்டோர் கிராணி (குமாஸ்தா) சட்டப்படி நடந்தவர், ஒரு மாதம் கழித்து அதையே செய்திருந்தால் குற்றவாளி. அவர் கையில் நடந்த காரியம் ஒன்றுதான்.

ஆகவே சட்டம் என்பது கீழ்வரம்பு. பல சமயம் கெடுதல் நடந்து, அதைப் பலர் எதிர்த்து, ஆண்டுகள் கழித்துத்தான் சட்டம் வந்து சேர்கிறது. அந்த இடைவெளியில் வேலை செய்கிறவர் தன் புத்தியைத்தான் நம்பவேண்டியிருக்கிறது.

கேட்கவேண்டிய கேள்விகள்

1. கூலி எதை எண்ணி வருகிறது? என்னைக் கேட்டால் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இது முக்கியம். மாதச் சம்பளமா, ஆள் கணக்கா, கமிஷனா? கமிஷன் என்றால் எதன்மேல்? கங்காணியின் தலைக்காசை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் நட்டப்படும்போது உங்கள் வருமானம் கூடுகிறது என்றால், அந்த வேலை நாளாக ஆக உங்களை வளைக்கும். நல்ல மனசு இருந்தாலும் வளைக்கும்.

2. கெடுதல் யாருக்கு? அவருக்குத் தெரியுமா? அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? தெரிந்து, விரும்பி, விலகிப்போக வழியோடு ஒருவர் எடுக்கும் முடிவு ஒரு வகை. மொழி புரியாமல், வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போடுவது முற்றிலும் வேறு வகை.

3. என் கை எவ்வளவு அருகில் இருக்கிறது? நானே செய்கிறேனா, நான் செய்யாவிட்டால் அந்தக் காரியம் நடக்காது என்ற அளவுக்கு உதவுகிறேனா, அல்லது எங்கோ தூரத்தில் ஒரு திருகாணி முடுக்குகிறேனா? கூலிம் ஹைடெக் பூங்காவில் சில்லு சோதிக்கும் பெண்ணுக்கு அந்தச் சில்லு காரில் போகுமா, ராணுவக் கருவியில் போகுமா என்று தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அவ்வளவு தூரத்துக்கு ஒருவர் பொறுப்பேற்கத் தொடங்கினால் உலகத்தில் எந்த வேலையும் செய்ய முடியாது.

4. உள்ளே இருந்தால் நல்லது செய்ய எனக்கு இடம் உண்டா? ஒப்பந்தத்தை வாசித்துக் காட்ட, கணக்கைச் சரியாக எழுத, மேலே சொல்ல அதிகாரம் இருக்கிறதா? இல்லாமல் "உள்ளே இருந்து மாற்றுவேன்" என்பது வெறும் ஆறுதல்.

5. அன்றைக்கு என்ன செய்தேன் என்று வீட்டில் முழுசாகச் சொல்ல முடியுமா? பாதியை விழுங்கவேண்டி வந்தால், விழுங்கும் அந்தப் பாதியில்தான் விஷயம் இருக்கிறது.

பௌத்த மரபில் இல்லறத்தார் விலகவேண்டிய ஐந்து வியாபாரங்கள் என்று ஒரு பழைய பட்டியல் உண்டு: ஆயுதம், மனிதர் (உயிர்) விற்பனை, இறைச்சி, போதை, நஞ்சு. தோட்டப் பட்டணத்தில் இருந்து பார்த்தால் அதில் மூன்று நம் வாசலிலேயே நிற்கின்றன. ஆனாலும் பட்டியல் ஒரு தொடக்கம்தான். இறைச்சி விற்பவரும் ஆள் விற்பவரும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். என் கணக்கில் அவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இல்லை.

நான்கு வேலைகளை உரசிப் பார்ப்போம்

நம்பர் கடைக் கவுண்டர்

முதலில் கணக்கு. "பெரியது" என்ற வகையில் ஓர் எண்ணுக்கு ஒரு ரிங்கிட் கட்டினால் முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு பத்து எண்களுக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்து எண்களுக்குத் தலா 60. நான்கு இலக்கத்தில் மொத்தம் 10,000 எண்கள். எல்லா எண்ணுக்கும் ஒவ்வொரு ரிங்கிட் கட்டினால் உள்ளே போவது 10,000 ரிங்கிட், திரும்ப வருவது 6,400. சராசரியாகப் பார்த்தால் கட்டும் ஒவ்வொரு ரிங்கிட்டிலும் 36 சென் போய்விடும்.

இது சின்ன இழப்பு இல்லை. கனவில் கண்ட எண், விபத்துக்குள்ளான காரின் எண் என்று வாரத்தில் மூன்று நாள் கட்டுகிறவரின் வீட்டில் அது அரிசிக் காசு. ஆனால் பரிசுத் தொகை கடைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கு மாதச் சம்பளம். யார் தோற்றாலும் ஜெயித்தாலும் அவள் பையில் கூடுவதும் குறைவதும் இல்லை. அவள் யாரையும் "இன்னும் பத்து வெள்ளி கட்டுங்கள்" என்று தூண்டவேண்டியதில்லை. தீங்கு இருக்கிறது, அவள் கை அதில் படுகிறது, ஆனால் லேசாகத்தான் படுகிறது. சூதாட்டத்தால் அப்பாவை இழந்த வீட்டுப் பெண்ணுக்கு அந்த நாற்காலி தாங்காமல் போகலாம். அவள் மறுத்தால் அது முழுக்க நியாயம். இன்னொரு பெண் ஒரு வருடம் வேலை பார்த்துத் தாதியர் படிப்புக்குப் பணம் சேர்த்தால் அவளைத் தூற்றுவதில் நியாயம் இல்லை.

கடன் நிறுவனக் குமாஸ்தா

1951ஆம் ஆண்டு வட்டித்தொழில் சட்டப்படி, உரிமம் பெற்ற கடன் நிறுவனம் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. அடமானம் இருந்தால் 12 விழுக்காடு. கையெழுத்தான, முத்திரை வரி கட்டிய ஒப்பந்தத்தின் நகலைப் பணம் கொடுக்கும் முன்பே கடன் வாங்குபவரிடம் தரவேண்டும்.

5,000 ரிங்கிட்டுக்கு ஓராண்டுக்கு 18 விழுக்காடு என்றால் வட்டி 900. மொத்தம் 5,900. இது சட்டத்துக்குள் இருக்கிறது. இப்போது அதே ஒப்பந்தத் தாளில் 5,000 என்று எழுதிவிட்டு, "செயல்முறைச் செலவு, முன்பணம்" என்று சொல்லிக் கையில் 4,000 மட்டும் கொடுத்தால்? அந்த மனிதர் 4,000 வாங்கி 5,900 கட்டுகிறார். வாங்கியதற்கு மேல் 1,900, அதாவது 47.5 விழுக்காடு. தாள் மட்டும் சுத்தமாக இருக்கிறது.

அந்தத் தாளை அச்சடித்து மேசையில் வைப்பவர் குமாஸ்தா. எதிரே ஒரு பெரியவர், மலாய் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், மகள் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கிறது. குமாஸ்தா தமிழ்ப் பையன் என்பதால் அவருக்கு ஒரு நிம்மதி. "எங்க தம்பி கையெழுத்துப் போடணும்?" என்று கேட்கிறார். பையன் விரலை வைத்துக் காட்டுகிறான். அங்கே, பேனா முனைக்குப் பக்கத்தில், 5,000 என்ற எண் இருக்கிறது. அவனை அந்த வேலைக்கு எடுத்ததே தமிழ் பேசுவான் என்பதற்காகத்தான். அவர் நம்புவது அவனை, நிறுவனத்தை இல்லை.

என் கேள்விகளை இங்கே வையுங்கள். கெடுதல் அடைகிறவருக்குத் தெரியாது, வேண்டாம் என்று எழுந்து போகும் நிலையிலும் அவர் இல்லை. பையனின் கை காரியத்தின் நடுவிலேயே இருக்கிறது. மாதம் எத்தனை கடன் போட்டான் என்பதை வைத்து அவனுக்குக் கமிஷன் என்றால் முதல் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. கழுத்துப்பட்டை, ஏர்கோன், மேசை எல்லாம் இருந்தும் இந்த வேலை நம்பர் கடையைவிட எத்தனையோ மடங்கு கனமானது. இதே வேலையில் தொகையைச் சரியாக எழுதி, நகலைக் கையில் கொடுத்து, வட்டியைத் தமிழில் வாய்விட்டுச் சொல்கிற நிறுவனமும் இருக்கலாம். அங்கே இருப்பவர் ஊருக்கு உதவியாகவே இருக்கிறார், ஏனென்றால் அவர் கதவைச் சாத்தினால் அந்தப் பெரியவர் போவது ஆலோங்கிடம். வேலையின் பெயர் ஒன்று, உள்ளே நடப்பது இரண்டு என்பதை இங்கேதான் தெளிவாகப் பார்க்கலாம்.

வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிக் கிராணி

தோட்டங்களில் இன்று குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் பெயர்ப் பட்டியல், விடுதிச் சாவி, சம்பளக் கழிவு, கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் கிராணி அல்லது மேற்பார்வையாளர் வேலைக்கு நம் பிள்ளைகள் போகிறார்கள். நல்ல வேலைதான். ஒரு நல்ல கிராணி கணக்கைச் சரியாக எழுதினாலே நூறு குடும்பத்துக்குச் சோறு ஒழுங்காகப் போகும்.

ஆனால் அலுவலகத்தில் ஓர் இரும்பு அலமாரி இருக்கும். அதைத் திறந்தால் பச்சை, நீல அட்டைக் கடப்பிதழ்கள், ரப்பர் வளையம் போட்டுக் கட்டுக் கட்டாக. "ஓடிப்போகாமல் இருக்க" என்பார்கள், "பத்திரத்துக்கு" என்றும் சொல்வார்கள். பிறருடைய கடப்பிதழை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் கட்டாய உழைப்பைக் கண்டுபிடிக்கப் பதினோரு அறிகுறிகளைச் சொல்கிறது. அடையாள ஆவணத்தைப் பிடித்து வைப்பது, சம்பளத்தைப் பிடித்து வைப்பது, கடனில் சிக்கவைப்பது, நடமாட்டத்தைத் தடுப்பது ஆகியவை அவற்றில் சில. 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்பு அறிகுறிகளைக் காரணம் காட்டி மலேசியாவின் இரண்டு பெரிய செம்பனை நிறுவனங்களின் பொருள்களைத் தடுத்தது. 2023 ஜனவரி 1 முதல் நம் வேலைவாய்ப்புச் சட்டத்திலேயே கட்டாய உழைப்பு தனிக் குற்றம்.

இங்கே எல்லை எங்கே என்பது எளிது. பட்டியல் எழுதலாம், சம்பளம் கணக்குப் போடலாம், விடுதி குழாய் ரிப்பேர் பார்க்கலாம். அந்த அலமாரிச் சாவி மட்டும் உங்கள் இடுப்பில் தொங்கக் கூடாது. நம் தாத்தா பாட்டி கப்பலில் வந்து இறங்கியபோது அவர்களைத் தலை எண்ணி வாங்கிக்கொண்டவர்களைப் பற்றி நாம் இன்றும் வருத்தத்தோடு பேசுகிறோம். நேப்பாளத்துப் பையன் நாளைக்குத் தன் ஊரில் போய் யாரைப் பற்றிப் பேசுவான் என்பதை நாம்தான் யோசிக்கவேண்டும்.

மதுக்கடை

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2017 டிசம்பரிலிருந்து 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மது விற்கக் கூடாது. உணவகத்தில் பீர் கொண்டுவந்து வைக்கும் வேலைக்கும், காலை பத்து மணிக்கு நடுங்கும் கையோடு வருகிறவருக்கு மலிவு விலைச் சம்சு எடுத்துக் கொடுக்கும் வேலைக்கும் நடுவில் தூரம் அதிகம். இரண்டாவது கடையில் நிற்பவருக்கு வாடிக்கையாளரின் மனைவி பெயரும் பிள்ளைகள் படிக்கும் வகுப்பும் தெரியும். அவ்வளவு தெரிந்துகொண்டு அதே கையால் எடுத்துக் கொடுப்பது எல்லோராலும் முடியாது, முடியவும் வேண்டாம்.

அடிக்கடி சொல்லப்படும் மூன்று சமாதானங்கள்

1. "நான் போகாட்டி இன்னொருத்தன் போவான்." உண்மைதான், போவான். கெடுதலின் அளவு குறையாது. ஆனால் கேள்வி ஊரில் எவ்வளவு கெடுதல் நடக்கிறது என்பதோடு நிற்பதில்லை, அதில் எவ்வளவை நான் என் கையால் செய்கிறேன் என்பதும் இருக்கிறது. தவிர, தமிழ் தெரிந்த, ஊருக்குத் தெரிந்த முகம் கிடைக்காவிட்டால் சில ஏமாற்றுகள் நடக்கவே நடக்காது.

2. "மேல சொன்னதைச் செஞ்சேன்." சம்பளக் கணக்கில் இல்லாத கழிவை எழுது என்று மேலாளர் சொன்னார், எழுதினேன் என்றால் எழுதிய கையெழுத்து யாருடையது? விசாரணை வரும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

3. "குடும்பம் இருக்கு." இதை மட்டும் நான் சமாதானம் என்று தள்ளமாட்டேன். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. வேலையை விட்டால் வீட்டையும் காலி செய்யவேண்டும் என்ற நிலையில் இருப்பவரிடம் "ராஜினாமா செய்" என்று சொல்வது மிக எளிது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் ஒரு மாதம் விட்டுப்போனாலே வாடகையும் பள்ளிப் பேருந்துக் காசும் நிற்கும். இப்படிப்பட்டவர் இன்றே விடவேண்டியதில்லை. ஆனால் வெளியேறும் தேதி ஒன்றை மனசுக்குள் குறித்துக்கொண்டு, அதுவரை எந்த ஒரு காரியத்தைத் தன் கையால் செய்யமாட்டேன் என்பதையும் முடிவு செய்துகொள்ளலாம். முழு வேலையையும் மறுக்க முடியாதவரால் ஒரு கையெழுத்தை மறுக்க முடியலாம்.

சேரும் முன் கேட்பதற்கு

நேர்முகத்தில் "இது நேர்மையான கம்பெனியா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. சின்னச் சின்ன நடைமுறையைக் கேளுங்கள். கடன் நிறுவனம் என்றால்: ஒப்பந்த நகல் எப்போது கையில் தரப்படும்? கடன் வாங்கியவரின் ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கும்? விடுதி என்றால்: கடப்பிதழ் எங்கே இருக்கும்? தொழிலாளி ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டால் எத்தனை நாளில் கையில் கிடைக்கும்? மருந்து ஸ்டோர் என்றால்: பாதுகாப்புத் தாள் எந்த மொழியில் இருக்கிறது? விற்பனை என்றால்: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, வாங்கியவர் திருப்பிக் கொடுத்தால் கமிஷன் பிடிக்கப்படுமா? பதிலைவிட, பதில் வர எடுக்கும் நேரத்தைக் கவனியுங்கள். அப்புறம், அங்கிருந்து விலகிய ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். தோட்டப் பட்டணத்தில் அது ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் நடக்கும்.

ஏற்கெனவே உள்ளே இருந்தால்: சட்டம் என்ன தருகிறது?

மலேசியச் சட்டத்தில் "மனசாட்சிக்கு ஒப்பவில்லை" என்பது மட்டும் ஒரு வேலையை மறுக்கப் போதுமான காரணமாக ஏற்கப்படுவதில்லை. சட்டபூர்வமான, நியாயமான உத்தரவை மறுத்தால் ஒழுங்கு நடவடிக்கை வரலாம். சட்டவிரோதமான உத்தரவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஆகவே உங்களை நெருடுவது இந்த இரண்டில் எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கடப்பிதழை வாங்கிப் பூட்டச் சொல்வது இரண்டாவது வகை. பீர் விற்கச் சொல்வது முதல் வகை.

1. உயிருக்கு ஆபத்து என்றால். 2024 ஜூன் முதல் நடப்பில் உள்ள திருத்தப்பட்ட வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அந்த ஆபத்தை நீக்க எதுவும் செய்யாவிட்டால், அந்த இடத்திலிருந்து விலகலாம். பாதுகாப்பு உடை இல்லாமல் மருந்து அடிக்கச் சொன்னால் இது நினைவிருக்கட்டும்.

2. முறைகேட்டை வெளியே சொல்வதென்றால். 2010ஆம் ஆண்டுத் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டத்தின் காவல், போலீஸ், ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற அமலாக்கத் துறையிடம் சொல்பவருக்குத்தான் உண்டு. ஃபேஸ்புக்கில் எழுதினால், வாட்ஸ்அப்பில் படம் போட்டால் அந்தக் காவல் இல்லை. பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

3. விலகுவதென்றால். ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம் முன்னறிவிப்புத் தரவேண்டும். வீடு நிறுவனத்துடையது என்றால் காலி செய்யும் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின்) வேலைக் காப்புறுதி. வேலை இழந்தவருக்கு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு 50, 40, 40, 30, 30 என்று ஆறு மாதம்வரை தரும் திட்டம் இது. தானாக முன்வந்து ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. மனசாட்சிக்காக விலகுகிறவர் இதைத் தெரிந்துகொண்டே கடிதம் எழுதவேண்டும். ஆனால் வேலை வரம்புக்குள் வராத ஆபத்தான காரியத்தைச் செய்யச் சொன்னதால் விலகியவரும், தொடர்ந்து இருக்க முடியாதபடி முதலாளி நெருக்கியதால் வெளியேறியவரும் கேட்கலாம். அந்த உத்தரவு வாய்மொழியாக வந்திருந்தால், "நீங்கள் இன்று இன்னதைச் செய்யச் சொன்னீர்கள், எனக்கு இது சரியாகப் படவில்லை" என்று அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். பின்னால் பேசப்போவது அந்தத் தேதிதான்.

5. நியாயமில்லாமல் நீக்கினால். தொழிலுறவுத் துறையில் 60 நாளுக்குள் புகார் பதிவு செய்யவேண்டும். சொக்சோ விண்ணப்பத்துக்கும் அதே 60 நாள்தான். இரண்டையும் எண்ணத் தொடங்குவது வேலை போன நாளிலிருந்து, "கூப்பிடுகிறோம், பேசிக்கொள்ளலாம்" என்று அவர்கள் சொன்ன நாளிலிருந்து இல்லை.